பூட்டில்லாத இரும்புப் பெட்டி: ஏரிக்கரை முகாமில் மூன்று இரவுகள்

(நம் குடியிருப்பின் மூத்தோர் மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை. வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுத்தில் தருகிறோம். கூட்டத்தில் கேட்கப்பட்ட சில கேள்விகளும் பதில்களும் கடைசியில் உள்ளன.)



கலிபோர்னியாவில் பெண் வீட்டில் நான்கு மாதம் இருந்துவிட்டு வந்திருக்கிறேன். வந்த மறுநாளே நம் சங்கச் செயலாளர் லிஃப்டில் பிடித்துக்கொண்டார். "சார், அங்கே பார்த்ததில் ஏதாவது ஒண்ணைப் பத்தி இருபது நிமிஷம் பேசுங்க" என்றார். நயாகராவைப் பற்றியும் சுதந்திர தேவி சிலையைப் பற்றியும் பேச நம்மிலேயே பலர் இருக்கிறீர்கள். படங்களும் வாட்ஸ்அப்பில் வந்து குவிந்துவிட்டன. அதனால் நான் வேறொன்றை எடுத்துக்கொண்டேன். ஒரு மலைக்காட்டில், ஏரிக்கரை முகாமில், துணிக்கூடாரம் போட்டு மூன்று இரவு தங்கினோம். அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

எனக்கு வயது 67. என் மனைவிக்கு 63. எனக்குச் சர்க்கரை, அவருக்கு மூட்டு வலி. இந்த வயதில் டென்ட்டா என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. மாப்பிள்ளை சொன்னபோது நாங்களும் அப்படித்தான் சிரித்தோம். ஆனால் போய் வந்தபின் தெரிந்தது, அது நம்மைப் போன்றவர்களாலும் முடிகிற காரியம்தான். அதைவிட முக்கியமாக, நாற்பது வீடுகள் சேர்ந்து வாழும் நமக்கு அந்த முகாம் நடக்கும் விதத்தில் எடுத்துக்கொள்ள ஒரு விஷயம் இருக்கிறது.

இடம்

அந்த இடத்தின் பெயர் மன்சனீட்டா ஏரி. வட கலிபோர்னியாவில் லாசன் எரிமலை தேசியப் பூங்கா என்று ஒன்று இருக்கிறது. அதன் வடமேற்கு மூலையில் இந்த ஏரி. சேக்ரமென்டோவிலிருந்து ஏறக்குறைய 200 மைல். ரெட்டிங் என்ற ஊர் வரை சமவெளி, நல்ல வெயில். அங்கிருந்து கிழக்கே திரும்பி மலையேற வேண்டும். ஏரி இருப்பது சுமார் 5,900 அடி உயரத்தில். நம் குன்னூர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மன்சனீட்டா என்றால் ஸ்பானிஷ் மொழியில் சின்ன ஆப்பிள். அங்கே புதர் புதராக ஒரு செடி இருக்கிறது. தண்டு மெருகு போட்ட மாதிரி செம்பழுப்பாக வழுவழுவென்று இருக்கும். அதில் சுண்டைக்காய் அளவில் ஆப்பிள் வடிவக் காய்கள். அந்தச் செடியின் பெயர்தான் ஏரிக்கு.

ஏரிக்கு எதிரே லாசன் சிகரம், 10,457 அடி. பார்த்தால் சாதுவான மலை. ஆனால் அது உயிருள்ள எரிமலை. 1914ல் புகையத் தொடங்கி, 1915 மே 22ஆம் தேதி பெரிதாக வெடித்தது. 200 மைலுக்கு அப்பால்கூடச் சாம்பல் விழுந்தது. பெஞ்சமின் லூமிஸ் என்பவர் அந்தக் காலத்துப் பெரிய கேமராவைத் தூக்கிக்கொண்டு போய் அந்த எரிமலை புகைவதைப் படம் பிடித்திருக்கிறார். அவரும் அவர் மனைவியும் 1927ல் ஏரி அருகே கல்லால் ஓர் அருங்காட்சியகம் கட்டி, பிறகு நிலத்தோடு சேர்த்துப் பூங்காவுக்கே கொடுத்துவிட்டார்கள். இன்றும் அந்தக் கட்டடம் இருக்கிறது, படங்களும் இருக்கின்றன. வெடிப்புக்கு மறுவருஷம், 1916ல், அந்த இடத்தைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள்.

ஏரி உண்டான கதையும் அப்படித்தான். சுமார் 350 வருஷங்களுக்கு முன் பக்கத்து மலையிலிருந்து பாறைகள் சரிந்து ஓடையை அடைத்தன. அடைபட்ட தண்ணீர் ஏரியானது. மலைச்சரிவே கட்டிய அணை.

முகாம் எப்படி இருக்கும்?

முகாம் என்றவுடன் நான் நினைத்தது, காட்டுக்குள் எங்கோ ஒரு வெட்டவெளி, எங்கே வேண்டுமானாலும் கூடாரம் போடலாம் என்று. அப்படி இல்லை. இது நம் லேஅவுட் மாதிரி. 179 இடங்கள், ஒவ்வொன்றுக்கும் எண். உங்கள் எண்ணுக்கு முன்னால் கார் நிறுத்த ஓர் இடம், கூடாரம் போடச் சமதளம், மரத்தாலான ஒரு மேஜை பெஞ்சு, தீ மூட்ட இரும்பு வளையம், ஓர் இரும்புப் பெட்டி. இவ்வளவுதான். சுற்றிலும் பைன் மரங்களும் ஃபர் மரங்களும். அடுத்த கூடாரம் மரங்களுக்கு இடையே தெரியும், பேச்சும் கொஞ்சம் கேட்கும்.

கழிப்பறை பொதுவானது, தண்ணீர் வசதியோடு சுத்தமாக இருக்கிறது. குடிநீர்க் குழாய் உண்டு. முகாம் வாசலில் ஒரு சின்னக் கடை, அங்கே காசு கொடுத்து வெந்நீரில் குளிக்கலாம், துணி துவைக்கலாம். கூடாரத்துக்கு மின்சாரம் கிடையாது. எங்கள் இடத்தில் செல்போன் சிக்னலும் கிடைக்கவில்லை. முதல் நாள் மாப்பிள்ளைக்குக் கை பரபரத்தது, இரண்டாம் நாள் சரியாகிவிட்டார்.

இடம் பிடிப்பதுதான் பெரிய வேலை. ரெக்ரியேஷன் டாட் கவ் என்ற அரசு இணையதளத்தில் ஆறு மாதத்துக்கு முன்பே பதிவு திறக்கிறது. கோடை வார இறுதிகள் நம் தட்கல் டிக்கெட் மாதிரி நிமிஷத்தில் போய்விடும். என் பெண் பிப்ரவரியில் அலாரம் வைத்து எழுந்து ஆகஸ்டுக்குப் பதிவு செய்தாள். கட்டணம் ஓர் இரவுக்கு முப்பது டாலருக்குள்தான். பக்கத்து ஊரில் சாதாரண லாட்ஜ் அறைக்கு அதைப் போல நான்கைந்து மடங்கு ஆகும்.

ஏரியைச் சுற்றி ஒரு நடைபாதை, ஒன்றரை மைலுக்குச் சற்று அதிகம். ஏற்றம் இறக்கம் அதிகமில்லை. என் மனைவி மூட்டு வலியோடு மூன்று நாளும் அதைச் சுற்றி வந்தார். அந்த ஏரியில் மோட்டார் படகுக்கு அனுமதி இல்லை. துடுப்புப் படகு மட்டும்தான். தூண்டில் போடலாம், ஆனால் பிடித்த மீனை உடனே தண்ணீரில் விட்டுவிட வேண்டும். தூண்டில் முள்ளில் எதிர்முள் இருக்கக்கூடாது, உயிருள்ள இரை கூடாது. ஒருவர் இரண்டு மணி நேரம் நின்று ஒரு ட்ரௌட் மீனைப் பிடித்து, அதை ஒரு கணம் பார்த்துவிட்டுத் திரும்ப விட்டார். "இதுக்கு எதுக்கு இவ்வளவு நேரம் நிக்கணும்?" என்றார் என் மனைவி. அவருக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த மனிதர் முகத்தில் நல்ல திருப்தி இருந்தது.

இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது. யாரும் வந்து சொல்வதில்லை. பத்தடிக்கும்போது 179 இடங்களும் தானே அடங்குகின்றன. பிறகு தலைக்கு மேல் வானம். சந்திரன் இல்லாத இரவு. பால்வெளி மண்டலம் ஒரு கரையிலிருந்து மறு கரைவரை வெள்ளைப் புகை மாதிரி படுத்திருந்தது. சின்ன வயதில் கிராமத்துக் களத்தில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்திருந்தபோது பார்த்தது. அதற்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறேன்.

இரும்புப் பெட்டி

இப்போது அந்தப் பெட்டிக்கு வருகிறேன். நான் 35 வருஷம் வங்கியில் இருந்தவன். பெட்டி, பூட்டு, சாவி என்றால் என் கண் தானாக அங்கே போகும்.

பெரிய ட்ரங்குப் பெட்டி அளவு, கனமான இரும்பு, தரையோடு பொருத்தியிருக்கிறார்கள். சாவியும் இல்லை, எண் பூட்டும் இல்லை. கைப்பிடிக்கு மேல் ஒரு தகடு வளைந்து மூடியிருக்கும். அதன் அடியில் விரலை நுழைத்து ஒரு கொக்கியை அழுத்தினால் திறக்கும். மனிதர் யார் வேண்டுமானாலும் திறக்கலாம். கரடியின் பாதம் மட்டும் அந்தத் தகட்டுக்குள் நுழையாது. அதற்குப் பெயரே கரடிப் பெட்டிதான்.

அந்தக் காட்டில் இருப்பது கறுப்புக் கரடி. பெயர்தான் கறுப்பு, பழுப்பு நிறத்திலும் இருக்கும். கலிபோர்னியா மாநிலக் கொடியில் ஒரு கரடி படம் பார்த்திருப்பீர்கள். அது கிரிஸ்லி கரடி. அந்த மாநிலத்தில் அந்த இனம் 1920களோடு முடிந்துபோனது. இன்று கொடியில் மட்டும்தான் இருக்கிறது. மீதி இருப்பது இந்தக் கறுப்புக் கரடிகள்.

பெட்டிக்குள் சாப்பாடு மட்டும் வைத்தால் போதாது. மணம் வருகிற எல்லாம் உள்ளே போக வேண்டும். பற்பசை, சோப்பு, வெயிலுக்குப் பூசும் கிரீம், காலி ஐஸ் பெட்டி, குப்பை, எல்லாம். காருக்குள் வைத்து மூடினால் போதும் என்று நினைக்காதீர்கள். கார்க் கதவைக் கரடி பிய்த்துவிடும். என் பேத்திக்கு ஒன்பது வயது. அங்கே குழந்தைகளுக்கு ஜூனியர் ரேஞ்சர் என்று ஒரு திட்டம் உண்டு. ஒரு புத்தகம் கொடுப்பார்கள். அதிலுள்ள வேலைகளைச் செய்து முடித்தால் உறுதிமொழி எடுக்க வைத்து ஒரு பேட்ஜ் கொடுப்பார்கள். அதை வாங்கிக் குத்திக்கொண்ட பின் அவள்தான் எங்கள் இன்ஸ்பெக்டர். "பாட்டி, தேங்காய் எண்ணெய் பாட்டில் உள்ள போகணும். தாத்தா, உங்க தைலம் எங்கே?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினாள். புளியோதரைத் தூக்கு, ஊறுகாய் பாட்டில், முறுக்கு டப்பா, ஊதுபத்தி, சந்தன வில்லை எல்லாம் அந்த இரும்புப் பெட்டிக்குள் போயின. அமெரிக்கக் காட்டுக் கரடிக்கு முன்னால் நம் வீட்டுப் பூஜையறையும் சமையலறையும் ஒரே பெட்டியில்.

எனக்கு ஒரு கேள்வி இருந்தது. நம் பொருளை நாம் பாதுகாப்பது நம் இஷ்டம். ஒருவர் பெட்டியை மூடாமல் விட்டால் போவது அவருடைய பிரெட்டும் சீஸும்தானே? அதற்கு ஏன் அபராதம் வரைக்கும் போக வேண்டும்? இரவு முகாமில் திறந்தவெளி மேடையில் ரேஞ்சர் பேசும் நிகழ்ச்சி ஒன்று இருந்தது. அதிலும், பிறகு நான் தேடிப் படித்ததிலும் பதில் கிடைத்தது.

குப்பையைக் காட்டிப் பழக்கிய கதை

யோசெமிட்டி என்ற புகழ்பெற்ற பூங்காவில் 1920களிலும் 30களிலும் ஹோட்டல் மிச்சங்களை ஓரிடத்தில் கொட்டி, விளக்குப் போட்டு, கரடிகள் வந்து தின்பதைச் சுற்றுலாப் பயணிகள் உட்கார்ந்து பார்க்க ஏற்பாடு செய்திருந்தார்கள். நம் சர்க்கஸ் மாதிரி. 1940ல் அதை நிறுத்தினார்கள். நிறுத்தியது மனிதர்கள். கரடிகளுக்கு யார் சொல்வது?

கரடியின் கணக்கைப் பாருங்கள். இலையுதிர் காலத்தில், குளிர்காலத் தூக்கத்துக்கு முன், ஒரு கரடி ஒரு நாளைக்கு 20,000 கலோரி வரை தின்னும். புல், எறும்பு, பெர்ரி, மன்சனீட்டாக் காய் என்று விடியலிலிருந்து இருட்டும்வரை மேய்ந்து அதைச் சேர்க்க வேண்டும். நம் மேஜையில் விட்ட ஒரு வேர்க்கடலை வெண்ணெய் பாட்டில் அதற்குப் பல மணி நேர உழைப்புக்குச் சமம். ஒரு முறை ருசி கண்டால் அது மறக்காது. தாய் குட்டிக்கும் கற்றுக்கொடுக்கும். குறைந்த உழைப்பு, அதிக வட்டி. அந்த டெபாசிட்டை எந்தக் கரடி விடும்?

1998ல் யோசெமிட்டியில் மட்டும் கரடிகளால் ஏற்பட்ட சம்பவங்கள் 1,500க்கும் மேல். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கார்களை உடைத்தன. அதன் பிறகு இந்த இரும்புப் பெட்டிகளை எல்லா இடத்திலும் வைத்து, இரவு ரோந்து போட்டு, ஒவ்வொருவருக்கும் விதியைச் சொல்லிப் புரியவைத்தார்கள். சம்பவங்கள் 90 சதவீதத்துக்கு மேல் குறைந்தன. கரடியைத் திருத்த வேண்டியிருக்கவில்லை. மனிதன் பெட்டியை மூடியதே போதுமானதாக இருந்தது.

இன்னொன்று இதைவிடக் கொடுமை. மொன்டானா மாநிலத்தில் கிளேசியர் என்று ஒரு தேசியப் பூங்கா, 1910ல் தொடங்கியது. 57 வருஷம் அங்கே கிரிஸ்லி கரடி ஒரு மனிதரைக்கூடக் கொன்றதில்லை. 1967 ஆகஸ்ட் 13ஆம் தேதி, ஒரே இரவில், இரண்டு வெவ்வேறு இடங்களில், இரண்டு வெவ்வேறு கரடிகள் இரண்டு பெண்களைக் கொன்றன. இருவருக்கும் வயது 19. ஓர் இடத்தில் மலைவிடுதியின் பின்னால் மிச்சச் சாப்பாட்டைக் கொட்டி, கரடி வருவதை விருந்தினர்கள் தினமும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மற்றது ஏரிக்கரை முகாம். அங்கே முகாமிட்டவர்கள் விட்டுச்சென்ற குப்பையைத் தின்று பழகிய கரடி ஒன்று அந்தக் கோடை முழுக்கத் தொல்லை கொடுத்துக்கொண்டிருந்தது.

இறந்த அந்தப் பெண்கள் குப்பை கொட்டியவர்கள் இல்லை. கொட்டியவர்கள் சந்தோஷமாகப் படம் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள். அதற்குப் பின் அந்தக் கரடிகளையும் சுட்டுக் கொன்றார்கள். என் கேள்விக்கு இதைவிட வேறு பதில் வேண்டாம். "தீனி போட்ட கரடி செத்த கரடி" என்று அங்கே ஒரு வழக்கே இருக்கிறது. பழகிவிட்ட கரடியை வேறு காட்டில் கொண்டுபோய் விட்டாலும் பல நேரம் திரும்பி வந்துவிடும். கடைசியில் துப்பாக்கிதான்.

வங்கியில் பணப் பெட்டக அறைக்கு இரண்டு சாவி. ஒன்று மேலாளரிடம், ஒன்று தலைமைக் காசாளரிடம். இருவரும் சேர்ந்தால்தான் திறக்கும். ஜாயின்ட் கஸ்டடி என்போம். உள்ளே இருப்பது அந்த இருவருடைய பணம் அல்ல. ஊரார் பணம். அந்தப் பொறுப்பு எனக்குப் பழக்கமானதுதான். ஆனால் சாவியே இல்லாத ஒரு பெட்டியை, முன்பின் தெரியாத 179 குடும்பங்கள், பார்க்க ஆளில்லாத நேரத்திலும் மூடி வைப்பதை அங்கேதான் பார்த்தேன். பெட்டிக்குள் இருப்பது என் புளியோதரை. அதை மூடுவதால் பிழைப்பது ஒரு கரடியின் உயிரும், அடுத்த வாரம் அதே எண்ணில் கூடாரம் போடப்போகிற யாரோ ஒரு குழந்தையும்.

இரண்டாம் இரவு பக்கத்துக் கூடாரத்தார் ஐஸ் பெட்டியை மேஜையிலேயே விட்டுவிட்டு நட்சத்திரம் பார்க்க ஏரிக்குப் போய்விட்டார்கள். ரோந்து வந்த ரேஞ்சர் அதை எடுத்துக்கொண்டு, ஒரு சீட்டு வைத்துவிட்டுப் போனார். அவர்கள் திரும்பி வந்து சீட்டைப் படித்து, அலுவலகத்துக்குப் போய் வாங்கி வந்தார்கள். வாக்குவாதம் இல்லை, "நான் யார் தெரியுமா" இல்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில் ஏரியின் எதிர்க்கரையில் ஒரு பழுப்புக் கரடி மன்சனீட்டாப் புதரில் காய் உருவித் தின்றுகொண்டிருந்தது. எங்கள் பக்கம் அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்களிடம் அதற்கு வேண்டியது எதுவும் இல்லை என்று அதற்குத் தெரிந்திருந்தது. அந்த அலட்சியத்தைப் பார்த்து எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது!

நெருப்பும் விறகும்

தீ விஷயத்திலும் இதே கதைதான். 2021ல் டிக்ஸி என்று பெயரிட்ட காட்டுத்தீ அந்தப் பூங்காவின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை எரித்தது. முகாம் இருக்கும் மூலை தப்பியது. காரில் உள்ளே போகும்போது மைல் கணக்கில் கரிக்கட்டையாய் நிற்கும் மரங்களைப் பார்த்துக்கொண்டேதான் போனோம். அதனால் தீயை அணைக்க அங்கே ஒரு முறை வைத்திருக்கிறார்கள். தண்ணீர் ஊற்று, கிளறு, மறுபடி ஊற்று, புறங்கையை அருகே வைத்துப் பார். சூடு இருந்தால் அது இன்னும் அணையவில்லை. தொட்டால் ஜில்லென்று இருக்கும்வரை படுக்கப் போகக்கூடாது.

விறகை வீட்டிலிருந்து கொண்டுவர வேண்டாம், எரிக்கும் இடத்திலேயே வாங்கு என்பது இன்னொரு விதி. விறகுக்குள் இருக்கும் வண்டும் பூஞ்சையும் ஒரு காட்டிலிருந்து இன்னொரு காட்டுக்குப் போய் மரங்களை அழித்துவிடும். நம் டிக்கியில் வருகிற ஒரு கட்டு விறகு ஒரு காட்டுக்கு எமனாகலாம். நான் இதை அங்கே போகும்வரை கேள்விப்பட்டதே இல்லை.

நமக்கு

நம் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. நம் கோவையில், மருதமலை அடிவாரத்தில் குப்பைமேட்டுக்கு யானைகள் வந்து பிளாஸ்டிக்கோடு சேர்த்துத் தின்பதைச் செய்தியில் பார்த்திருக்கிறோம். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் கரடி வீட்டுக் கதவையும் கடைக் கதவையும் உடைத்து எண்ணெயும் சர்க்கரையும் தேடுகிறது. வால்பாறை சாலையில் குரங்குக்குச் சிப்ஸ் போட்டு வீடியோ எடுக்கிறோம். அடுத்த காரில் வரும் குழந்தையின் கையிலிருந்து அது பிடுங்குகிறது. கடித்தால் ஊசி போடுவது அந்தக் குழந்தைக்கு. யோசெமிட்டியில் நூறு வருஷத்துக்கு முன் நடந்த அதே பாடத்தை நாம் முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டிருக்கிறோம்.

அதனால் இரண்டு வேண்டுகோள். மே மாதம் நம் குடியிருப்பிலிருந்து இரண்டு வேனில் வால்பாறை போகிறோம். வேனுக்கு இரண்டு பெரிய மூடி போட்ட டப்பா நான் வாங்கித் தருகிறேன். ஒன்றில் தின்பண்டம், ஒன்றில் குப்பை. மலையில் எதையும் இறக்க வேண்டாம், குப்பை நம்மோடு கோவைக்கே வரட்டும். அந்த டப்பாக்களுக்குப் பொறுப்பாளர்களாக நம் குழந்தைகளைப் போடுவோம். பேட்ஜும் குத்துவோம். பெரியவர்கள் சொன்னால் கேட்காத நாம் அவர்கள் சொன்னால் கேட்போம்.

இரண்டாவது, கீழே நம் குப்பை அறை. இரவில் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போகிறோம், நாயும் எலியும் வருகின்றன, காலையில் வந்து சுத்தம் செய்யும் அம்மா தலையில் அது விடிகிறது. அந்தக் கதவுக்கும் பூட்டு வேண்டாம். ஒரு கொக்கி போதும். போட வேண்டியது நாம்தான்.



கேள்வி நேரம்

*தரையில் படுத்து எழ முடிந்ததா? மூட்டு வலிக்கவில்லையா?*

தரையில் படுக்கவே இல்லை. மடக்குக் கட்டில் கிடைக்கிறது, மாப்பிள்ளை இரண்டு வாங்கியிருந்தார். நின்றபடி நுழையும் உயரமுள்ள கூடாரமாகப் பாருங்கள். ஆகஸ்டிலும் இரவில் ஏழெட்டு டிகிரிக்கு இறங்குகிறது. குல்லாய், காலுறை, நல்ல ஸ்லீப்பிங் பேக் மூன்றும் கட்டாயம். கழிப்பறைக்குப் பக்கத்து இடமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். நெற்றியில் மாட்டும் விளக்கு ஒன்று வைத்துக்கொண்டால் இரவில் கை இரண்டும் காலியாக இருக்கும். அதுவும் முடியாது என்றால், அதே முகாமில் சின்ன மரக் குடில்கள் வாடகைக்கு இருக்கின்றன. அவற்றிலும் மின்சாரம் கிடையாது, ஆனால் கூரையும் கட்டிலும் உண்டு.

*எந்த மாதம் போகலாம்? மூத்தோருக்குச் சலுகை உண்டா?*

ஜூனில் மேலே பனி மிச்சமிருக்கும், மலைச்சாலை முழுதும் திறந்திருக்காது. அது கரைந்து வருகிற நாட்களில் கொசுவும் அதிகம். ஆகஸ்டும் செப்டம்பரும் நமக்கு வசதி, ஆனால் காட்டுத்தீப் புகை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு போக வேண்டும். சலுகையைப் பொறுத்தவரை, 62 வயது முடிந்த அமெரிக்கக் குடிமக்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் மூத்தோர் பாஸ் உண்டு. அது இருந்தால் பல முகாம்களில் கட்டணம் பாதி. விசிட்டர் விசாவில் போகும் நமக்கு அது கிடையாது.

*கரடி நேரில் வந்துவிட்டால் என்ன செய்வது?*

கறுப்புக் கரடி என்றால் ஓடக்கூடாது. கையைத் தூக்கி, உடம்பைப் பெரிதாகக் காட்டி, எல்லோரும் சேர்ந்து சத்தம் போட்டால் பெரும்பாலும் போய்விடும். குழந்தைகளைப் பக்கத்தில் இழுத்துக்கொள்ள வேண்டும். தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் மட்டும் போய்விடாதீர்கள். கிரிஸ்லிக்கு வேறு விதி, நம் ஊர்க் கரடிக்கும் வேறு. எந்தக் காட்டுக்குப் போகிறோமோ அந்தக் காட்டின் பலகையைப் படிக்க வேண்டும்.

*மூணாம் மாடிப் பையன் கேட்டது: அங்கிள், அதே மாதிரி நாங்க வால்பாறையிலயோ கொடைக்கானலயோ ஏரிக்கரையில டென்ட் போடலாமா?*

வேண்டாம் தம்பி. அந்த முகாம், பெட்டி, ரேஞ்சர், ரோந்து எல்லாம் சேர்ந்த ஓர் ஏற்பாடு. கூடாரம் அதில் கடைசி சாமான். நம் மலைகளில் இருப்பது யானை, சிறுத்தை, புலி. கொடைக்கானல் பேரிஜம் ஏரிக்குப் பகலில் போகவே வனத்துறை அனுமதி வேண்டும். 2021 ஜனவரியில் வயநாட்டில் மேப்பாடி அருகே கூடாரத்தில் தங்கியிருந்த ஒரு பெண்ணை யானை மிதித்துக் கொன்றது. காசு வாங்கிக்கொண்டு எஸ்டேட் ஓரத்தில் டென்ட் போட்டுத் தருகிறோம் என்று யார் சொன்னாலும், வனத்துறை அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் போகாதீர்கள். வனத்துறையே நடத்தும் தங்குமிடங்கள் இருக்கின்றன, அங்கே பதிவு செய்து போங்கள். டென்ட்டே வேண்டும் என்றால் நம் மொட்டை மாடி இருக்கிறது. செயலாளரிடம் நான் கேட்டு வாங்கித் தருகிறேன். பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது, அவ்வளவுதான்.